செப்புத் திருமேனியும் பஞ்சலோக வழக்கும்

திருக்கோயில்களில் விழாக்காலத்து வீதியில் எழுந்தருளும் திருவுருவங்களை இக்காலத்தார் பஞ்சலோகத் திருமேனி என்றும் ஐம்பொன் திருமேனி என்றும் வழங்குவர். பொன், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், காரீயம் என்னும் ஐந்தும் கலந்து வார்க்கப்பெற்றது என்பது அவ்வழக்கின் பொருள். வெள்ளீயத்தின் இடத்திற் பித்தளையை வைத்து எண்ணுவாரும் உளர். இரும்பைச் சேர்த்து எண்ணுவாரும் உளர். ஆயின், அத்திருவுருவங்களை எழுந்தருளுவித்த சோழர் காலத்துக் கல்வெட்டுக்களோ அவற்றைச் செப்புத் திருமேனி என்றே பெரும்பாலும் குறிக்கின்றன. இவ்விரு பெயர்களுள் எது பொருளின் இயல்பை உள்ளவாறு உணர்த்துவது, மற்றது எவ்வாறு வந்தது என்பன ஆராயத்தக்கன.

இது வெறும் பெயர் வழக்குப்பற்றிய ஆராய்ச்சி அன்று. ஐம்பொன் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, திருமேனியில் ஐந்தில் ஒரு பங்கு பொன் உண்டு என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணத்தாற் பழைய திருமேனியின் பெருமையைப் பொன்னின் நிறையிலே தேடுவதும், பொன் இல்லை என்று அறிந்தவழி அதனைக் குறையுடையதாகக் கருதுவதும் நிகழ்கின்றன. முன்னோர் இன்ன உலோகத்தை இன்ன காரணத்தால் தெரிந்துகொண்டனர் என்னும் உண்மை விளங்குமாயின் இவ்விரு மயக்கமும் ஒருங்கே நீங்கும்.

முதற்கண் கல்வெட்டுக்களை நோக்குவோம். தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் இத்துறையில் ஒப்பற்ற சான்றுகள் ஆகும். முதல் இராசராசனும், அவன் தமக்கையார் குந்தவைப் பிராட்டியாரும், அவன் தேவியரும், அதிகாரிகளும் அத்தளியில் எழுந்தருளுவித்த திருமேனிகள் அறுபதுக்கு மேற்பட்டன. பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்னும் அதிகாரி, ஆளுடையபிள்ளையார், திருநாவுக்கரையர், நம்பியாரூரர், நங்கை பரவையார், சிறுத்தொண்டர், மிலாடுடையார் முதலிய அடியார்களின் படிமங்களை எழுந்தருளுவித்தமை அன்பர்கள் உள்ளத்தை நெகிழ்விக்கும் செய்தியாகும். சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தை அருளிச்செய்தற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே அத்தொண்டர்கள் செம்பில் உருக்கொண்டு வழிபடப்பெற்றனர் என்பது இதனால் தெளிவாம்.

இக்கல்வெட்டுக்களில் ஊன்றி நோக்கற்குரியது ஒன்று உண்டு. பொன்னாற் செய்த கொள்கைத்தேவர் திருமேனியைக் கூறுமிடத்து, ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்த கழஞ்சுக் கணக்கு கூறப்படுகிறது. செப்புத் திருமேனிகளைக் கூறுமிடத்தோ பெரும்பாலும் நிறை கூறப்படுவதில்லை. திருவடி முதல் திருமுடி வரை இத்தனை முழம் இத்தனை விரல் உயரம், இத்தனை திருக்கைகள், இன்ன பீடம், இன்ன பிரபை என்று அளவும் அமைப்புமே கூறப்படுகின்றன. கனமாகச் செய்தது எது, பொள்ளலாகச் செய்தது எது என்பதும் வேறு பிரித்து எழுதப்பட்டது. பொன்னுக்கு மதிப்பு அதன் நிறை. செம்புக்கு மதிப்பு அதன்கண் அமைந்த உருவம். கணக்கெழுதியவர்களுக்கு இவ்வேறுபாடு நன்கு தெரிந்திருந்தது. செப்புத் திருமேனிக்குள்ளே பொருட்படுத்தத்தக்க அளவு பொன் கலந்திருந்ததாயின், அணிகலனிற் சேர்ந்த அரக்கின் நிறையையும் விடாது குறித்த அக்கணக்கர் அதனைக் குறியாது விடுவரோ?

மற்றொரு சான்றும் அங்கே உண்டு. இராசராசன் தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளில் (கி. பி. 1010) ஸ்ரீவிமானத்துத் தூபித்தறியில் வைக்கக் கொடுத்த செப்புக்குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மேற் போர்த்த பொற்றகட்டின் நிறை 2,926½ கழஞ்சு. செம்பு பலத்தாலும் பொன் கழஞ்சாலும் நிறுக்கப்பட்டமை காண்க. செம்பையும் பொன்னையும் ஒருங்கு வேண்டிய இடத்தும் அரசன் அவற்றை உருக்கிக் கலக்கவில்லை. உள்ளே தாங்குவதற்குச் செம்பையும் புறத்தே விளங்குவதற்குப் பொன்னையும் வெவ்வேறாகவே வைத்தான். ஒவ்வோர் உலோகத்தையும் அதன் இயல்புக்கேற்ற இடத்தில் வைத்தல் என்னும் முறைமை இதனால் புலப்படும்.

இனி, அவ்வியல்புகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

தனிச் செம்பு வார்ப்புக்கு எளிதில் இசைவதன்று. அது உருகுதற்கு 1,085 பாகை வெப்பம் வேண்டும். உருகியபின்னும் தடித்து ஓடும் தன்மையது. காற்றை உட்கொண்டு, ஆறும்பொழுது அதனை வெளியிட்டு, உள்ளே நுண்டுளைகளை உண்டாக்கும். ஆதலின் தனிச் செம்பால் தகடு அடிக்கலாம், குடம் கொட்டலாம். விரல்நுனியும் சடைப்புரியும் விளங்கும் படிமத்தைப் பழுதின்றி வார்த்தல் அரிது.

வெள்ளீயம் 232 பாகையில் உருகுவது. இதனைச் செம்பொடு சிறிது சேர்த்தால் கலவையின் உருகுநிலை தாழும். நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்த்தவழி ஏறக்குறைய ஆயிரம் பாகையளவிலேயே முழுதும் உருகிவிடும். அன்றியும் ஆறிய கலவை தனிச் செம்பைக் காட்டிலும் உறுதி பெறும். ஆனால் வெள்ளீயம் செம்பினுட் கரைதற்கு ஓர் எல்லை உண்டு. நூற்றுக்குப் பதினைந்து பங்கை ஒட்டிய அவ்வெல்லையைக் கடந்தால், கடினமும் நொறுங்குந்தன்மையும் உடைய வேறொரு பகுதி அதனுள்ளே தோன்றும். அப்பொழுது உளி செல்லாது, அடித்தால் விண்டுபோம்.

காரீயம் 327 பாகையில் உருகுவது. இது செம்பினுட் கரைவதே இல்லை. சிறு சிறு துளிகளாக இடையிடையே நிற்கும். ஆயினும் அதனால் விளையும் பயன் பெரிது. கலவை நீர்போல் ஓடிக் கருவின் நுண்ணிய மூலைகளையெல்லாம் நிரப்பும். செம்பு இறுகும்பொழுது உண்டாகும் இடைவெளிகளைக் காரீயத் துளிகள் அடைக்கும். பின்னர் உளிகொண்டு செதுக்குதற்கும் மென்மையாக இடந்தரும். வெள்ளீயம் உறுதிக்கும் காரீயம் ஓட்டத்திற்கும் உதவுவன என்று சுருங்கக் கூறலாம்.

பொன் 1,064 பாகையிலும் வெள்ளி 962 பாகையிலும் உருகுவன. சிறிதளவு பொன்னோ வெள்ளியோ செம்பிற் கலந்தால் வார்ப்புக்குத் தீங்கு இல்லை. ஆயின் குறிப்பிடத்தக்க நன்மையும் இல்லை. பெருமளவிற் கலந்தாலோ பெரும்பொருட் செலவு ஒன்றே மிஞ்சும். ஆதலின் தொழில்முறையான் நோக்குமிடத்துச் செம்பு, வெள்ளீயம், காரீயம் என்னும் மூன்றுமே திருமேனிக்கு இன்றியமையாதன.

இவ்வியல்புகளைப் பண்டைத் தமிழ்நாட்டுக் கன்னார் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு, அவர்கள் ஒரே உலோகங்களை வெவ்வேறு அளவிற் கலந்து வெவ்வேறு பொருள்களைச் செய்தமையே சான்றாகும். நூற்றுக்கு இருபதுக்கு மேல் வெள்ளீயம் சேர்ந்த கலவை வெண்கலம் எனப்படும். அதனாற் செய்த மணியும் தாளமும் நெடிது ஒலிக்கும். படிமத்தில் குற்றமாவதாகிய அக்கடினத்தன்மையே மணியில் குணமாய் நின்று நாதத்தை விளைக்கின்றது. அவ்வகை வெண்கலத்தைச் செந்நிறமாகக் காய்ச்சி அடித்து, நீரில் தோய்த்து, மெல்லிய கலங்களாக்கும் அரிய முறை ஆதிச்சநல்லூர்ப் பழம்பொருள்களிலேயே காணப்படுகிறது. அலெக்சாந்தர் இரீ என்பார் 1899-ஆம் ஆண்டு முதல் அங்கு அகழ்ந்தெடுத்த கலங்கள் அம்முறையின் பழமைக்குக் கரியாய் நிற்கின்றன. வெள்ளீயத்தை இன்னும் மிகுத்து மூன்றில் ஒரு பங்காக்கினால் கலவை வெண்ணிறம் பெற்று, தேய்த்தவழி முகங்காட்டும் கண்ணாடியாகும். சேரநாட்டு ஆறன்முளைக் கண்ணாடி இவ்வாறு அமைந்ததே.

அணிகலன்களுக்கும் இம்முறைமை ஒக்கும். கலப்பற்ற பொன் மிக மென்மையானது. கல் பதித்தால் கல் நில்லாது, அணிந்தால் விரைவில் தேய்ந்துபோம். ஆதலின் தட்டார் அதனொடு செம்பையோ வெள்ளியையோ சிறிது சேர்ப்பர். இருபத்துநான்கு பங்கில் இருபத்திரண்டு பங்கு பொன் நிற்பதே இக்காலத்து அணிகலன்களுக்குப் பெரும்பான்மை வழக்கு. இக்கலப்பின் அளவை மாற்று என்னும் சொல்லால் முன்னோர் குறித்தனர். உரைகல்லில் ஒப்புநோக்குதற்குத் தண்டவாணி என்னும் அளவுப் பொன்னை வைத்திருந்தனர். தஞ்சைக் கல்வெட்டுக்களில் அணிகலன்களின் நிறை கூறப்படுமிடத்து, அரக்கும் பிஞ்சும் சரடும் உட்பட நிறுத்தது என்பதும் உண்மையாகக் குறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். அங்கே பொன்னின் மாற்று வினாவப்படுகிறது. திருமேனியிலோ அவ்வினா எழவே இல்லை.

இனி, வார்க்கும் முறையை நோக்குமிடத்து உலோகத் தேர்வின் காரணம் இன்னும் தெளிவாகும். தேன்மெழுகொடு குங்கிலியத்தையும் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, அம்மெழுகால் திருமேனியை முழுதும் முதலிற் செய்வர். அளவுக்கு ஓலை நறுக்கை மடித்துக் கொள்வர். பின்னர் நுண்ணிய வண்டல் மண்ணை மெழுகின்மேற் பூசி உலர்த்துவர். அதன்மேற் பருமண்ணைப் பூசி இரும்புக் கம்பியாற் கட்டுவர். இவ்வாறு அமைந்த கருவைத் தீயிற் காய்ச்ச, உள்ளிருந்த மெழுகு உருகி வெளியேறும். மெழுகு நின்ற இடம் வெறுவெளியாக, அவ்வெளியில் குகையினின்று உருகிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்தால் திருமேனி வெளிப்படும். கரு ஒருமுறைக்கே உதவும். ஆதலின் ஒன்றுபோல் மற்றொன்று வாராது.

இம்முறையை வடமொழிச் சிற்பநூலார் மதூச்சிஷ்ட விதானம் என்பர். மானசாரம் இதற்கென ஓர் அத்தியாயம் வகுத்துள்ளது. கலியாணபுரத்துச் சாளுக்கியனாகிய மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசமும் இதனை விரித்துரைக்கின்றது. மெழுகின் நிறையைக்கொண்டு வேண்டும் உலோகத்தின் நிறையை அறியும் கணக்கு அந்நூலில் உண்டு. செம்புக்கு ஓர் அளவு, வெள்ளிக்கு அதனினும் மிக்கது, பொன்னுக்கு அதனினும் மிக்கது என்று அது வகுக்கின்றது. ஒரே அளவினவாகிய மெழுகையும் செம்பையும் நிறுத்தால் செம்பு மெழுகைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் நிற்கும். வெள்ளி அதனினும் மிகும். பொன் எல்லாவற்றினும் மிகும். பொன்னாலும் வெள்ளியாலும் படிமம் வார்ப்பது வழக்கில் இருந்தமையும், அவை தனித்தனியே வார்க்கப்பட்டமையும் அக்கணக்கினால் விளங்கும்.

தமிழ்நாட்டுத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளீடு இல்லாத கனவார்ப்புக்கள். ஆடவல்லான் திருக்கோலத்தை எண்ணிப் பார்க்க. ஊன்றிய திருவடி ஒன்றே மேலே நிற்கும் உருவத்தைத் தாங்கவேண்டும். எடுத்த திருவடியும் வீசிய கரமும் விரிந்த சடையும் மெலிந்து நீண்டு புறத்தே செல்கின்றன. வார்க்கும் உலோகம் இவ்வெல்லாவற்றின் நுனிவரை ஓடுதற்குமுன் இறுகிவிட்டால் உருவம் குறைப்படும். காற்று வெளியேறாது நின்றாலும் குறைப்படும். கோனேரிராசபுரத்தில் வழங்கும் செவிவழிச் செய்தி ஒன்று இவ்விடர்ப்பாட்டை நினைவூட்டும். அங்குள்ள பெரிய கூத்தப்பெருமானை வார்க்கப் புகுந்த சிற்பி பன்முறை முயன்றும் வார்ப்பு நிரம்பாது வருந்தினான் என்றும், முதியவராய் வந்து நீர் கேட்ட இறைவனும் இறைவியும் அவன் சினந்து காட்டிய உருகிய உலோகத்தைப் பருகித் தாமே திருவுருவாயினர் என்றும் அங்குள்ளார் கூறுவர். பெரிய வார்ப்பொன்று நிரம்பி வருதல் மனித முயற்சிக்கு எத்துணை அரிதாகத் தோன்றிற்று என்பதை இக்கதை காட்டும்.

கல்வெட்டும் தொழில்முறையும் கூறும் இவ்வுண்மையை அண்மைக்காலத்து வேதியியல் ஆராய்ச்சியும் உறுதிப்படுத்துகின்றது. சாரதா சீனிவாசன் என்னும் ஆராய்ச்சியாளர் 1990-களில் தென்னாட்டுப் படிமங்கள் ஏறக்குறைய 130-ஐ நுண்ணிதின் ஆராய்ந்தனர். அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு செம்பும் வெள்ளீயமும் காரீயமும் கலந்தன. எஞ்சியவை செம்பும் துத்தநாகமும் காரீயமும் கலந்த பித்தளை வகையின. வெள்ளீயம் நூற்றுக்குப் பதினைந்தைக் கடக்கவில்லை. பொன்னும் வெள்ளியும் சுவடளவிலேயே காணப்பட்டன. மேலே கூறிய கரைதலின் எல்லையைச் சோழநாட்டுக் கன்னார் நூலிற் கல்லாது கையிற் கற்று, அதனுள்ளேயே நின்றனர் என்பது இதனாற் போதரும்.

அங்ஙனமாயின் பஞ்சலோகம் என்னும் வழக்குப் பொய்யோ எனின், அன்று. அது தொழிலளவு கூறும் சொல் அன்று, சடங்கின்பாற்பட்ட சொல். உலோகத்தை உருக்கும்பொழுது அன்பர்கள் தம் கைப்பட்ட பொன்னையும் வெள்ளியையும் சிறிது சிறிதாகக் குகையில் இடுதல் இன்றும் சுவாமிமலை முதலிய இடங்களிற் காணப்படும் வழக்கம். ஐந்து உலோகங்களை ஐம்பூதங்களுக்கு அறிகுறியாகக் கொண்டு, உலகனைத்தும் ஒருங்கே இறைவனுக்கு உருவாகும் பாவனை அதன்கண் அமைந்துள்ளது. திருமேனி நிறைவுற்றபின் பொன்னுளிகொண்டு கண்திறக்கும் வழக்கமும் உண்டு. பொன்னுக்கு உரிய இடம் இத்தகையது. பாவனைக்கு ஒரு குன்றிமணிப் பொன்னும் போதும். அது அன்பின் அளவேயன்றி உலோகத்தின் அளவன்று. இன்றைச் சுவாமிமலைச் சிற்பிகளும் செம்பையே பெரும்பகுதியாகக் கொண்டு, பித்தளையைச் சிறுபகுதியாகவும் காரீயத்தை மிகச் சிறுபகுதியாகவும் சேர்க்கின்றனர். வெள்ளீயத்தின் தொழிலைப் பித்தளையிலுள்ள துத்தநாகம் ஏற்றுக்கொண்டது என்பதே முன்னைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு.

பொன்னாலேயே திருமேனி சமைக்கவேண்டும் என்னும் அன்பும் சைவ மரபிற்குப் புறம்பானதன்று. பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்து இரசவாதம் செய்த படலத்தை அன்பர்கள் அறிவார்கள். திருப்பூவணத்துப் பொன்னனையாள், அடியாரை அமுது செய்வித்தலிலே தன் பொருளெல்லாம் செலவாக, இறைவன் திருவுருவைப் பொன்னாற் செய்யும் விருப்பம் நிறைவேறாது வருந்தினாள். இறைவன் சித்தராய் எழுந்தருளி, அவள் இல்லத்திருந்த செம்பு, பித்தளை, ஈயம், இரும்பு முதலிய கலங்களையெல்லாம் பொன்னாக்கி அருளினார். அப்பொன்னால் அவள் திருவுருவம் சமைத்தாள். இங்கு நோக்கற்குரியது யாதெனின், அவள் தன் பொருளை முதலில் அடியார்க்கே செலவிட்டாள் என்பது. பொன் பின்னர் வந்தது. அன்பு முன்னரே நிறைந்திருந்தது.

பொன்னின் வரலாறோ வேறு வகையாயிற்று. 1311-ஆம் ஆண்டு மாலிக்காபூர் தென்னாடு புகுந்து அளவிறந்த பொன்னைக் கொண்டுசென்றமை வரலாற்று நூல்கள் கூறும் செய்தி. பொன் எங்கே இருப்பினும் அதனை உருக்குவார்க்கு அது பொன்னே. உருவம் அவர்க்கு ஒரு பொருளன்று. தஞ்சைப் பொற்றிருமேனிகளுள் ஒன்றும் இன்று காண்டற்கில்லை. செப்புத் திருமேனிகளோ மண்ணுட் புதைத்து மறைக்கப்பெற்றுப் பல இடங்களிற் பிழைத்தன. திருவெண்காட்டு விடைமேலமர்ந்த பெருமான் இராசராசனது 26-ஆம் ஆட்சியாண்டில் (கி. பி. 1011) எழுந்தருளுவிக்கப்பட்டமையும், தேவியார் அடுத்த ஆண்டில் எழுந்தருளுவிக்கப்பட்டமையும் அவ்வூர்க் கல்வெட்டால் அறியப்படும். மண்ணுள் மறைந்திருந்து வெளிப்பட்ட அத்திருமேனிகள் இன்று தஞ்சைக் கலைக்கூடத்திற் காட்சி தருகின்றன. எசாலத்தில் 1987-ஆம் ஆண்டு முதல் இராசேந்திரன் செப்பேடுகளும் திருமேனிகளும் கிடைத்தன. சீகாழியில் 2023-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், சட்டநாதர் திருக்கோயில் வளாகத்தில் மண்ணை அகழ்ந்தபொழுது, இருபதுக்கு மேற்பட்ட திருமேனிகளும் தேவாரத் திருப்பதிகங்கள் பொறித்த நானூற்றுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. ஆளுடையபிள்ளையார் அவதரித்த தலத்திலே திருவுருவையும் திருப்பதிகத்தையும் ஒருங்கே காத்துத் தந்தது செம்பு என்னும் எளிய உலோகமே என்பது நினைந்து மகிழ்தற்குரியது.

செம்புக்கும் இடையூறு இல்லாமல் இல்லை. ஆகமங்களின் சீர்ணோத்தார விதிப்படி, முதன்மை உறுப்புக்கள் சிதைந்த உலோகத் திருமேனியை உருக்கி மீள வார்த்தல் உண்டு. சிற்றுறுப்புக்கள் பழுதுற்றவழிச் செப்பனிடுதலே அமையும். தஞ்சையில் அறுபதுக்கு மேற்பட்ட திருமேனிகளுள் இன்று மிகச் சிலவே எஞ்சின. காலந்தோறும் உருக்கி வார்த்தலும் அவ்விழப்பிற்கு ஒரு காரணமாயிருத்தல் கூடும். விதி கூறுவது சிதைந்தவற்றை, பழமையுற்றவற்றை அன்று. நிறம் மங்கியது, பொன் இல்லை என்னும் காரணங்கள் அவ்விதியுள் அடங்கா.

களவும் ஓர் இடையூறு. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-ஆம் ஆண்டு மண்ணினின்று எடுக்கப்பட்டுக் கடல்கடந்து சென்ற நடராசத் திருமேனி, இலண்டன் நீதிமன்ற வழக்கின்பின் 1991-ஆம் ஆண்டு மீண்டது. சிவபுரத்து நடராசர் செப்பனிடும் பொருட்டு வெளியே கொடுக்கப்பட்டபொழுது போலி உருவம் திருக்கோயிலுக்கு வந்தது. உண்மைத் திருமேனி அமெரிக்கா சென்று 1986-ஆம் ஆண்டு மீண்டது. உருவ அமைதியைக்கொண்டு காலங் கணிக்கும் முறையை, சென்னை அருங்காட்சியகத்துப் படிமங்களுக்கு 1932-ஆம் ஆண்டு அட்டவணை வெளியிட்ட கிரேவிலியும் டி. என். இராமச்சந்திரனும் வளர்த்தனர். உருவத்தைப் போலியாகச் செய்தல் கைவல்லார்க்குக் கூடும்; கலந்துள்ள உலோகங்களின் அளவையும், காரீயத்தின் பிறப்பிடத்தைக் காட்டும் நுண்கூறுகளையும் போலியாக்குதல் எளிதன்று. ஆதலின் பழைய கலவையை ஆராய்ந்து குறித்து வைத்தல், திருமேனிக்கு உரிய ஊரை மீட்டுத்தரும் சான்றாகவும் பயன்படும். உருக்கிவிட்ட திருமேனியோ தன் காலத்தையும் ஊரையும் கூறும் ஆற்றலை அறவே இழந்துவிடும்.

செம்பைப்பற்றிக் கூறுமிடத்துச் சித்தாந்த நூல்கள் எடுத்தாளும் உவமையொன்றை விடுத்தல் ஆகாது. ஆணவமலம் உயிரோடு அநாதியே விரவிநிற்றலுக்கு நெல்லில் உமியையும் செம்பிற் களிம்பையும் நம் ஆசிரியர்கள் உவமை காட்டினர். புளியிட்டு விளக்கினால் களிம்பு நீங்கியதுபோலத் தோன்றும். காற்றும் ஈரமும் பட்டவழி மீண்டும் எழும். இரசகுளிகை பட்டுப் பொன்னாயவழியே அது மீளாது நீங்கும் என்பது அவ்வுவமையின் முடிபு. மண்ணினின்று எடுத்த செப்புத் திருமேனிகளில் உப்பு உட்புகுந்த களிம்பு துடைத்தும் மீள எழுதலைக் காண்பார்க்கு, இவ்வுவமை கண்கூடாக விளங்கும். அதனை நீக்கும் மின்பகுப்பு முறையைச் சென்னை அருங்காட்சியகத்து வேதியியற் கூடத்தில் பரமசிவன் என்பார் 1930-களிற் கையாண்டு பல திருமேனிகளைக் காத்தனர்.

களிம்பு ஏறாத உலோகம் பொன் என்பதை அறிந்திருந்தும், களிம்பு ஏறும் செம்பிலேயே நம் முன்னோர் பெருமானை எழுந்தருளுவித்தனர். தொழில்முறையால் அது வார்ப்புக்கு இசைவது. பொருள்முறையால் ஊர்தோறும் செய்தற்கு இயலுவது. வரலாற்றுமுறையால் பகைவர் கைக்குத் தப்புவது. சித்தாந்த முறையான் நோக்குவார்க்கு மற்றொன்றும் தோன்றும்: மலமுடைய உயிருக்கு உவமையாகிய அவ்வுலோகத்தினுள்ளே நிறைந்துநின்று அருள்புரிதல் பெருமானின் எளிமைக்கு அடையாளமாம்.

ஆதலின் புதிதாகத் திருமேனி சமைப்பார் பொன் எத்துணை என்று வினாவுதற்குமுன், செம்பு தூயதா, கலவை அளவிற்கு உட்பட்டதா, உருவம் நூல்வழி அமைந்ததா என்று வினாவுக. பழைய திருமேனி உடையார், அதன்கண் பொன் இல்லையென்று வருந்தற்க; புளியும் மணலும் இட்டுத் தேய்த்து முகத்தின் நுண்மையை அழியாது போற்றுக; இன்றியமையாத விதியிருந்தாலன்றி உருக்க ஒருப்படற்க. செப்புத் திருமேனி என்னும் கல்வெட்டுப் பெயரே பொருளின் இயல்பை உணர்த்துவது. பஞ்சலோகம் என்னும் பெயர் அன்பர்களின் பாவனையை உணர்த்துவது. இரண்டையும் அவ்வவற்றிற்குரிய இடத்தில் வைத்து வழங்குதலே முறையாம்.